சீல் பிரிக்காத பெட்டியின் விலை

2021 ஜூலை 11 அன்று அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஒரு வீடியோ கேம் கேசட்டை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. அன்றைய மாற்று விகிதத்தில் பதினொன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கேசட், நிண்டெண்டோ நிறுவனம் 1996-ல் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ 64’. உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆட்டம். ஆடிப் பார்க்க ஒரு பழைய பிரதி போதும் என்பவருக்குச் சில ஆயிரம் ரூபாயில் அது கிடைத்துவிடும். இரண்டு நாள் முன்புதான் அதே ஏலத்தில் ‘த லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’வின் ஒரு பிரதி 8,70,000 டாலருக்குப் போய்ப் பழைய சாதனையை முறியடித்திருந்தது. ஒரு வார இறுதிக்குள் அந்தச் சாதனையும் பழசாகிவிட்டது.

கோடிக்கணக்கில் அச்சான ஒரு பொருள் எப்படி அரிய பொருள் ஆனது? இந்தக் கேள்விக்கு விடை தேட, கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள சாந்தன்பாறை நல்ல இடம் என்று நினைக்கிறேன். காரணம், 2022 அக்டோபரில் பக்கத்துக் கள்ளிப்பாறை மலையில் பூத்துக் கூட்டம் கூட்டிய நீலக்குறிஞ்சி அல்ல. அரிது என்றதும் குறிஞ்சியை உவமை சொல்லத்தான் கை போகும். ஆனால் குறிஞ்சி எப்போது திரும்ப வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் மறுவிற்பனை செய்வதில்லை. சாந்தன்பாறைக்காரர்களுக்குத் தெரிந்த வேறொரு சரக்கு உண்டு. ஏலக்காய்.

உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்களில் பறித்து, ஸ்டோர் என்று சொல்லும் உலர்கூடத்தில் காயவைத்த காய் அப்படியே விலைக்குப் போவதில்லை. சல்லடையில் ஏறி இறங்கித் தரம் பிரிந்த பிறகுதான் அதற்கு ஒரு மதிப்பு வருகிறது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, பச்சை மாறாத காய்க்கு ஒரு விலை. அதே செடியில் அதே நாளில் பறித்த சிறு காய்க்கு வேறு விலை. பிறகு புற்றடியிலோ, மலை இறங்கினால் போடிநாயக்கனூரிலோ மின்னணு ஏலம். 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, அடுத்த கோடையில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. காய் மாறவில்லை. தரம் பார்க்கும் சல்லடையும், அன்றைய வரத்தும், அந்த அறையில் உட்கார்ந்து விலை கேட்டவர்களும் சேர்ந்து விலையைச் செய்தார்கள்.

மரியோ கேசட்டின் கதையும் இப்படித்தான். அதைத் தரம் பிரித்த சல்லடையின் பெயர் வாட்டா கேம்ஸ். 2010-களின் பிற்பகுதியில் தொடங்கிய நிறுவனம். பெட்டியின் மூலை மழுங்கியிருக்கிறதா, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும். உறைக்குத் தனியாக எழுத்தில் ஒரு தரம். பிறகு அந்தப் பெட்டியை ஒரு கெட்டியான அக்ரிலிக் கூட்டில் அடைத்து முத்திரை குத்தித் தரும். பதினைந்து லட்சம் டாலர் கேசட் பெற்ற மதிப்பெண் 9.8, உறைக்கு ஏ பிளஸ் பிளஸ். இந்தத் தரத்தில் உலகத்திலேயே ஐந்துக்கும் குறைவான பிரதிகள்தான் இருப்பதாக ஏலத்தார் சொன்னார்கள். அதாவது, ஒரு கோடியை 9.8 என்ற சல்லடையில் போட்டால் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் மிஞ்சும். சல்லடையின் கண்ணைச் சற்று மாற்றினால் எண்ணிக்கையும் மாறும். எத்தனை கேசட்டுகளுக்கு எந்தத் தரம் கொடுத்திருக்கிறோம் என்ற முழுப் பட்டியலை வாட்டா அந்தச் சமயத்தில் பொதுவில் வைத்திருக்கவில்லை என்பதை வாங்குபவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு முன்னுரை 2019 பிப்ரவரியில் எழுதப்பட்டது. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தின் சீல் பிரிக்காத ஒரு பிரதி 1,00,150 டாலருக்கு விலை போனதாகச் செய்தி வந்தது. வீடியோ கேம் ஒன்று ஆறு இலக்க விலையைத் தொட்டது அப்போதுதான். சேர்ந்து வாங்கிய மூவரில் ஒருவர் ஜிம் ஹால்பெரின், ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் இணை நிறுவனர். அதன்பின் ஹெரிடேஜ் இந்தச் சந்தையின் முதன்மை ஏலக்கூடமாக வளர்ந்தது. 2021 ஆகஸ்டில் கார்ல் ஜாப்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய யூடியூபர், தரம் போடுபவரும் ஏலம் விடுபவரும் கைகோத்து விலையை ஊதிப் பெருக்கினார்கள் என்று விரிவாகக் குற்றம் சாட்டினார். இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. 2022-ல் வாட்டா மீது அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் சார்பில் கூட்டு வழக்கு ஒன்றும் தொடுக்கப்பட்டது. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போடிக்கும் புற்றடிக்கும் போய்வரும் விவசாயிக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. ஒருமுறை ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரும் ‘ரீபூலிங்’ பற்றி அவர் வருஷக்கணக்காகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏலக்காயில் ரீபூலிங் விலையை இறக்குகிறது என்பது அவருடைய குறை. கேசட் விஷயத்தில் சந்தேகம் எதிர்த்திசையில் ஓடுகிறது. சரக்கைக் கொண்டுவருபவரும் எடுப்பவரும் ஒரே வட்டமாக இருந்தால் விலைப்பலகையை எவ்வளவு தூரம் நம்புவது என்பதே இரண்டிலும் கேள்வி.

ஓர் இடத்தில் மட்டும் ஏலக்காயும் கேசட்டும் பிரிகின்றன. ஏலக்காயைக் கடைசியில் யாரோ ஒருவர் பாயசத்தில் போட்டுச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவார். விலை எவ்வளவு ஏறினாலும், இறங்கினாலும், அந்தச் சாப்பாட்டுத் தேவை அதைப் பிடித்து நிறுத்தும். சீல் பிரிக்காத கேசட்டை யாரும் ஆடப்போவதில்லை. பிரித்தால் மதிப்பு போயிற்று. அடுத்த ஆள் இன்னும் கூடக் கொடுப்பான் என்ற நம்பிக்கையைத் தவிர அடியில் வேறு தரை இல்லை. ராலி என்ற நிறுவனம் 2020-ல் 1,40,000 டாலருக்கு ஒரு ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வாங்கி, அதைப் பங்குகளாகக் கூறுபோட்டு விற்றது. 2021 ஆகஸ்டில் ஒருவர் 20 லட்சம் டாலர் தருவதாகச் சொல்ல, பங்குதாரர்கள் வாக்களித்துச் சம்மதித்தார்கள். பங்கு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெட்டியை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்த ஆண்டின் வெறி தணிந்த பிறகு சந்தை வேகமாகச் சரிந்தது.

இனி ‘லிமிடெட் எடிஷன்’ என்று அச்சிட்டே வரும் சரக்கு. சோனி 2014 டிசம்பரில் பிளேஸ்டேஷனின் இருபதாம் ஆண்டுக்காகப் பழைய சாம்பல் நிறத்தில் ஒரு பிஎஸ்4 வெளியிட்டது. மொத்தம் 12,300 மட்டுமே. முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்த நாள் டிசம்பர் 3, அதனால் 12, 3. கடையில் 499 டாலருக்கு விற்றது சில நாளில் இணையத்தில் பல மடங்குக்குப் போனது. 2018-ல் 50 கோடி கருவிகள் விற்ற கொண்டாட்டமாக நீல நிற பிஎஸ்4 புரோ, 50,000. 2024-ல் முப்பதாம் ஆண்டுக்கு மறுபடி 12,300, இந்த முறை பிஎஸ்5 புரோ. இந்தியாவில் உள்ளவர்களுக்கு அதில் ஒரு வேடிக்கை. அந்தப் புரோ கருவியின் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால், உலகம் முழுக்க வந்தபோது கருவி இந்தியாவுக்கு வரவேயில்லை. சிறப்புப் பதிப்பு என்ன, அப்போது சாதாரணப் பதிப்பே இங்கே அரிய பொருளாக இருந்தது.

தட்டுப்பாட்டையும் அருமையையும் குழப்பிக்கொண்டு பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ல் 49,990 ரூபாய்க்கு வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதம் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோய், பழைய பொருள் விற்கும் தளங்களில் பல ஆயிரம் கூடுதல் விலையோடு மறுபடி தலைகாட்டியது. அது சிப் தட்டுப்பாடு. தொழிற்சாலை வேகம் பிடித்ததும் அந்தக் கூடுதல் விலை காணாமல் போனது. அருமை என்றால் இனி யாராலும் செய்து அனுப்ப முடியாதது.

எண் போட்டுச் செய்த பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. 12,300 பேர் வாங்கினால், அதன் மதிப்பு தெரிந்த 12,300 பேர் பெட்டி, ரசீது, உள்ளட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் அதில் பெரும்பகுதி உலகத்தில் இருக்கும். லிமிடெட் ரன் கேம்ஸ் போன்ற நிறுவனங்கள் இணையத்தில் மட்டும் வந்த ஆட்டங்களைக் குறிப்பிட்ட சில வாரம் முன்பதிவு வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் டிஸ்க் போட்டுத் தருகின்றன. அங்கே அளவு போடுவது காலண்டர். பொம்மை விஷயத்தில் இன்னும் மோசம். சினிமா, வீடியோ கேம் பாத்திரங்களின் பெரிய தலைப் பொம்மைகளைச் சேகரிப்புப் பொருளாக விற்கும் ஃபன்கோ நிறுவனம், கிடங்கில் தேங்கிய மூன்று கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்கை அழித்துவிடப் போவதாக 2023-ல் அறிவித்தது. சேகரிப்புக்கென்றே பிறந்த பொருள் குப்பைக்குப் போன கணக்கு அது.

உண்மையில் விலை நின்ற அரிய பொருள்களைப் பார்த்தால், அவற்றில் பல சேகரிப்பவரை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. 1990-ல் நிண்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்கான கேசட் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. ஜெயித்தவர்களுக்கும் ஒரு பத்திரிகைப் போட்டியில் பரிசு பெற்றவர்களுக்கும் கொடுத்தது. விற்பனைக்கே வராதது. ‘ஸ்டேடியம் ஈவண்ட்ஸ்’ என்ற 1987-ஆம் வருஷ ஆட்டத்தின் காலில் மிதித்து ஆடும் பாயை நிண்டெண்டோ தன் கைக்கு எடுத்துக்கொண்டு, வேறு பெயரில் வெளியிட, பழைய பெயரிட்ட பெட்டிகள் கடையிலிருந்து திரும்பிப் போயின. தப்பியவை கொஞ்சம். ஒரு நிர்வாக முடிவின் மிச்சம் இன்று பெரும் பணம். அட்டாரி நிறுவனத்தின் ‘ஈ.டி.’ இதற்கு எதிர்க்கதை. விற்காமல் போனதால் 1983-ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டி ஆயிரத்து முந்நூறு கேசட்டுகளை வெளியே எடுத்து, அந்த ஊர் நகராட்சி சான்றிதழோடு ஏலம் விட்டது. லட்சம் டாலருக்கு மேல் வசூல். நசுங்கி, நாற்றமடித்த கேசட்டுக்குக் கிடைத்தது, சுத்தமாக ஓடும் அதே கேசட்டுக்குக் கிடைக்காத விலை. வாங்கியவர்கள் காசு கொடுத்தது நகராட்சியின் சான்றிதழுக்கு.

நம் பக்கத்துக்கு வருவோம். நிண்டெண்டோவின் அசல் சரக்கு இந்தியாவில் பரவலாக விற்றதே இல்லை. 1994-ல் சேகா நிறுவனம், 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்க, ஷா வாலஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு மெகா டிரைவை இங்கே விற்றது. விலை 18,000 ரூபாய். ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். ஆகவே தமிழ்நாட்டிலும் இடுக்கித் தமிழர் வீடுகளிலும் வீடியோ கேம் என்றால் நிண்டெண்டோவின் பழைய கருவியைப் பார்த்துச் செய்த போலிப் பெட்டிகள்தான். ‘மீடியா’ போன்ற பெயர்களில் வந்தவை, சென்னை பர்மா பஜாரிலிருந்து பெயரே இல்லாமல் வந்தவை, 9999 ஆட்டம் என்று மேலே எழுதியிருந்த மஞ்சள் கேசட். உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்தாறு ஆட்டங்கள் பெயர் மாற்றி மாற்றி வரும். லட்சக்கணக்கில் விற்றிருக்க வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? பெட்டியோடு, உள்ளட்டையோடு எத்தனை? யாரும் எண்ணவில்லை, எண்ணுவதற்கு அட்டவணையும் இல்லை. அதனால்தான் அதற்கு விலையும் இல்லை.

விலை வந்துகொண்டிருக்கும் இந்தியச் சரக்கு ஒன்று உண்டு. சோனியின் பிஎஸ்2 மற்ற நாடுகளில் ஓய்வுபெறும் காலத்திலும் இங்கே நன்றாக விற்றது. அந்தச் சந்தைக்காக 2009-ல் ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வெளிவந்தது. இந்தியாவிலேயே முழுக்க உருவான முதல் கன்சோல் ஆட்டம் என்று விளம்பரம் செய்தார்கள். கடவுளை ஒரு சிறுவன் கைப்பொத்தானில் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவில் வாழும் இந்து மதப் பிரமுகர் ராஜன் ஜெட் எதிர்ப்புத் தெரிவித்தது அப்போது செய்தியானது. அதே ஆண்டு கில்லியும் கபடியும் பட்டமும் கொண்ட ‘தேசி அட்டா’ வந்தது. 2011-ல் ‘ரா.ஒன்’, 2013-ல் ‘டான் 2’. கடைசியது வந்தபோது பிஎஸ்2 உற்பத்தியே நின்றுவிட்டிருந்தது. ஆகவே உலகத்தின் கடைசி பிஎஸ்2 ஆட்டங்களின் வரிசையில் ஷாருக் கானும் நிற்கிறார். ஐந்நூறு ரூபாய்க்குள் விற்ற இந்த டிஸ்க்குகள் மேல் யாரும் லிமிடெட் எடிஷன் என்று எழுதவில்லை.

இவை ஏன் குறைந்துபோயின என்பதற்கு இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பிஎஸ்2 வாங்கிய கையோடு கடைக்காரரிடமே ‘சிப்’ போட்டுக்கொண்டு, காப்பி டிஸ்க்கை ஐம்பது ரூபாய்க்கும் குறைவாக வாங்கி ஆடியது ஒரு தலைமுறை. அசல் வாங்கியவர்கள் கொஞ்சம், வாங்கியதைப் பாதுகாத்தவர்கள் அதிலும் கொஞ்சம். ஆட்டங்களும் சுமார் ரகம், அதை மறைப்பதற்கில்லை. வெளிநாட்டில் பிஎஸ்2-வின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்துவிடத் துடிக்கும் ஆள்களுக்கு அந்தச் சுமார் ரகம் பொருட்டே அல்ல. பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அதற்கான டிஸ்க் இந்தியாவில் மட்டுமே விற்றது, அவ்வளவுதான். என் கணிப்பில், சோனியின் எண்ணிட்ட சாம்பல் பெட்டியைவிட ஹனுமான் டிஸ்க்குதான் முப்பது வருஷம் கழித்துக் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த தலைமுறைக்கு இந்தக் கவலையும் இருக்காது. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம் இட்லியும் பிரியாணியும் சமைக்கும் ஆட்டம். பாஃப்டா விருது வரை போனது. அதை இணையக் கடையில் வாங்கியவர் யாருக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியாது. அவர் வாங்கியது ஆடுவதற்கான அனுமதி மட்டுமே. ஸ்டீம் கடையில் வாங்கிய ஆட்டத்தை மறுவிற்பனை செய்ய உரிமை உண்டென்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, 2024-ல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. கைமாற்ற அனுமதிக்கும் டிஜிட்டல் சரக்கின் கதி ‘கவுண்டர் ஸ்டிரைக்’ ஆட்டத்தின் கத்தி அலங்காரங்களில் தெரிந்தது. 2025 அக்டோபரில் அந்த ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் விதியில் ஒரு மாற்றம் செய்து, அரிய கத்திகளைப் பெறப் புதிய வழி திறந்தது. அன்றே லட்சங்களில் விற்ற கத்திகளின் விலை பாதாளத்துக்குப் போனது. மலையில் வெள்ளமோ வறட்சியோ வர வேண்டியிருந்தது ஏலக்காய் விலையை அசைக்க. இங்கே ஓர் அலுவலகத்தில் ஒருவர் விசைப்பலகையைத் தட்டினால் போதும்.

கையில் பழைய பொருள் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, மழை. சாந்தன்பாறை போன்ற இடத்தில் ஜூன் தொடங்கிச் சில மாதம் காற்றே ஈரம். அட்டைப் பெட்டி பூஞ்சை பிடிக்கும், கேசட்டின் செப்புப் பற்கள் பச்சை ஏறும், டிஸ்க்கின் பூச்சு உரியும். விலையின் பெரும்பகுதி அட்டையில்தான் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். இரண்டாவது, விளம்பரம். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள் தருகிறோம் என்று கைபேசிக்கு வரும் செய்தியைப் பார்க்காதவர் குறைவு. ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்திக் கமிஷனும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய கேசட்டுக்கும் அதே ஆள்கள் வருவார்கள். விற்பவரிடம் முன்பணம் கேட்கும் எவரும் வாங்க வந்தவர் அல்ல. ஒரு பொருளுக்கு என்ன விலை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள்.

பரணில் பிஎஸ்2 பெட்டி ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுமுன் உள்ளே ஒருமுறை பாருங்கள். ஹனுமானோ, தேசி அட்டாவோ, டான் 2-வோ அசல் டிஸ்க் இருந்தால் விலைச் சீட்டைக் கிழிக்காமல், உள்ளட்டையோடு அப்படியே எடுத்து வையுங்கள். மஞ்சள் கேசட் இருந்தால் அதையும். இன்றைக்கு அதற்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்காது.